பொன்விழாவுக்கு ஒரு நாற்காலி, தூபொரோனுக்கு ஒரு செஷன்

“ஒண்ணா, ரெண்டா?”

“என்னம்மா ஒண்ணா ரெண்டா?”

“நாற்காலிடீ! சனிக்கிழமை நீ ஒத்தையா வர்றியா, யாரையாவது கூட்டிட்டு வர்றியா? மண்டபத்துக்காரி தலை எண்ணிச் சொல்லுங்கன்னு உயிர வாங்குறா.”

“ஒத்தையா வந்தா எங்க உக்கார வைப்ப?”

“வேற எங்க, வெர்னர் சித்தப்பா பக்கத்துலதான்.”

“அம்மா, போன தடவையும் அவர் பக்கத்துலதான். சூப்புல ஆரம்பிச்சு ஐஸ்கிரீம் வரைக்கும் பன்னிச் சாணியப் பத்தியே பேசினாரு.”

“பன்னி வளக்குறவரு பன்னியப் பத்தித்தானே பேசுவாரு? நீ பேசுறது மட்டும் யாருக்குப் புரியுதாம்? புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள வாயத் திறக்கலைன்னா ஒண்ணுன்னு எழுதிருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மா இங்கர் போட்ட கெடு இது. இன்றைக்குப் புதன். லெம்விக் ஊர் அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கணினியின் கறுப்புத் திரையில் கண்சிமிட்டிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தபடி விபெக்கே அந்தப் பேச்சை மறுபடியும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எத்தனை முறை ஓட்டினாலும் கடைசியில் வெர்னர் சித்தப்பாதான் வந்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை அவளுடைய அப்பா அம்மாவின் திருமணப் பொன்விழா. விடியும்போதே அக்கம்பக்கத்தார் வந்து வாசலில் ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி, ஐம்பது வருடம் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்ட அந்த இரண்டு பேரையும் பாட்டுப் பாடி எழுப்புவார்கள். சாயங்காலம் மண்டபத்தில் விருந்து. ஜோடி ஜோடியாக நாற்காலி. நடுவில், வெர்னர் சித்தப்பா எழுதி அச்சடித்த பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் ராகத்தோடு பாடுவார்கள். அதில் விபெக்கேவுக்கென்று ஒரு சரணம் தவறாமல் இருக்கும். எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் பல்வலி என்று பல் மருத்துவரிடம் போனவன், அந்த அம்மாளோடேயே ஓடென்ஸ் நகரத்துக்குக் குடிபோய்விட்டான். அன்று முதல் அந்தச் சரணத்தின் கருத்து மாறவில்லை. எதுகை மட்டும் மாறும்.

நாற்காலி இரண்டு என்று சொல்ல விபெக்கேவுக்கு ஆசைதான். இரண்டாவது நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த ஆள் இந்த நிமிடம் அவள் மேசை மீதிருந்த தொலைபேசிக்குள் முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டிருந்தான். கேட்க வேண்டியதுதான் பாக்கி. ஈஸ்டருக்கு முன்னாலேயே கேட்க நினைத்தாள். பிறகு ஈஸ்டருக்குப் பின்னால். இப்போது மே மாதம் பாதி முடிந்துவிட்டது.

“விபெக்கே, இருக்கியா? இல்ல தூங்கிட்டியா?” என்றது தொலைபேசி.

“இருக்கேன். நீ பாடுறத நிறுத்தினா வேலையப் பாக்கலாம்.”

“நான் பாடலைன்னா இந்தப் பெட்டி வேலை செய்யாது.”

எஸ்பென் கடற்கரை ஊரான தூபொரோனில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், இணையக் கண்ணாடியிழைக் கம்பிகள் வந்து சேரும் கொட்டகைக்குள் மடிக்கணினியோடு நின்றுகொண்டிருந்தான். நாற்பத்தேழு வயது. குனிந்துதான் அந்தக் கதவுக்குள் நுழைய முடியும் அளவுக்கு உயரம். இரண்டு பேரும் வேலை பார்ப்பது அந்த வட்டாரத்து மின் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இணைய நிறுவனத்தில். தூபொரோனுக்குப் புது ரவுட்டர் வந்திருக்கிறது. அதையும் லெம்விக் ரவுட்டரையும் இன்றைக்குப் பேச வைக்க வேண்டும்.

இந்த மாதிரி வேலையை மற்ற நிறுவனங்கள் நடுராத்திரியில் செய்யும். இங்கே அது நடக்காது. இருட்டோடு மீன் ஏலம் தொடங்கிவிடும். சாயங்காலம் கைப்பந்துப் போட்டி ஒளிபரப்பு. அப்போது திரை நின்றால் கொலை விழும். ஆக, மதியம் இரண்டு மணிதான் யாருக்கும் வலிக்காத நேரம், அப்போது இணையத்தில் இருப்பது ஓய்வு பெற்றவர்கள் மட்டும்தான் என்று அலுவலகத் தலைவி யூட்டே கண்டுபிடித்திருந்தாள். ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் ஊரிலேயே அதிகக் கோபம் வரும் என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. இணையத்தில் ஓடுகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் நெற்றியிலும் ஒரு லேபிள் ஒட்டிவிட்டால், வழியில் இருக்கும் ரவுட்டர்கள் முழு விலாசத்தையும் படித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. லேபிளைப் பார்த்து, போ அந்தப் பக்கம் என்று தள்ளிவிடலாம். ஆனால் எந்த லேபிளுக்கு எந்த வழி என்று பக்கத்துப் பக்கத்து ரவுட்டர்கள் முதலில் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சுக்குத்தான் செஷன் என்று பெயர். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் இரண்டும் ஹலோ ஹலோ என்று கூவும். கூவியது கேட்டதும், விலாச எண் எதற்குப் பெரியதோ அது அழைக்க வேண்டும். சின்னது காத்திருக்க வேண்டும். நீ முதலா நான் முதலா என்ற பஞ்சாயத்தே கிடையாது. ரவுட்டரை வைத்து வாழ்க்கைத் தத்துவம் பேசுகிறவர்களை விபெக்கேவுக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்த ஒரு விதியை எழுதியவர்கள் மனிதர்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று அவள் அவ்வப்போது நினைத்துக்கொள்வாள்.

“சரி, அடிச்சிருக்கேன். படிக்கிறேன், கேளு,” என்றான் எஸ்பென். ஒருவர் அடிப்பதை இன்னொருவர் காதால் கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் எதையும் ஏற்ற வேண்டும் என்பது யூட்டேயின் சட்டம். தப்புச் செய்தவர் மறுநாள் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அவளுக்கும் முந்தைய சட்டம். வீட்டில் செய்த கேக்காக இருக்க வேண்டும். கடையில் வாங்கினால் செல்லாது. எஸ்பென் கடைசியாகச் செய்த கேக்கை வாசல் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அவன் தப்பே செய்யக் கூடாது என்று அலுவலகமே வேண்டிக்கொண்டிருந்தது.

அவன் வரி வரியாகப் படித்தான். லெம்விக்கை நோக்கிய இடைமுகத்தில் லேபிள் பேச்சுக்கு அனுமதி. சரி. ஹலோ சொல்ல அனுமதி. சரி. கடவுச்சொல். சரி. ஏற்றினான்.

திரையில் ஹலோ தெரிந்தது. இரண்டு பக்கமும் தெரிந்தது. செஷனை மட்டும் காணோம்.

“என்னப்பா இது, ஹலோ ஹலோன்னு கத்துது, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது?” என்றாள் விபெக்கே.

“உன் பக்கம்தான் ஏதோ கோளாறு.”

“எது நடந்தாலும் என் பக்கம்தான் கோளாறு. லெம்விக் நேத்து வரைக்கும் மத்த எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசிட்டு இருந்துச்சு. உன் ஆளுதான் ஊமை.”

“என் ஆள ஊமைங்காத. கூச்ச சுபாவம்.”

விபெக்கே சிரித்துக்கொண்டே தன் பக்கத்து வழிப்பட்டியலைத் தேடினாள். தூபொரோன் ரவுட்டரின் சொந்த விலாசம் அதில் இல்லவே இல்லை. வேலிக்கு மேலாகக் கையசைத்து ஹலோ சொல்ல விலாசம் வேண்டாம். சத்தம் போட்டால் போதும். உட்கார்ந்து பேச வேண்டுமானால் வீட்டு வாசல் எங்கே என்று தெரிய வேண்டும். எஸ்பென் தன் ரவுட்டரின் வாசலை ஊருக்கு அறிவிக்க மறந்திருந்தான்.

“அடப்பாவி, உன் விலாசத்தையே வெளியில சொல்லலியே நீ! என் பெட்டி எங்க போய்க் கதவத் தட்டும்?”

எஸ்பென் பாட்டை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“யூட்டே பக்கத்துல இருக்காளா?”

“இல்ல. காபி எடுக்கப் போயிருக்கா.”

“அப்போ இது தப்பு இல்ல. சும்மா சோதிச்சுப் பாத்தேன்.”

“கேக்கு வேண்டாம்னு எனக்கும் ஆசைதான். சீக்கிரம் அந்த வரியச் சேத்துடு.”

அவன் அந்த ஒரு வரியைச் சேர்த்தான். முன்பு ஏற்றியதை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மொத்தமாக, பத்து நிமிடத் தவணை போட்டு ஏற்றினான். தொலைவில் இருக்கும் ரவுட்டரில் கை வைப்பவர்கள் செய்கிற ஏற்பாடு அது; பக்கத்தில் நின்றாலும் அவனுக்கு அதுவே பழக்கம். பத்து நிமிடத்துக்குள் உறுதி என்று இன்னொரு முறை சொல்லாவிட்டால், ரவுட்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எதுவுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொள்ளும். எசகுபிசகாகக் கட்டளை கொடுத்துத் தன்னைத்தானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் கண்ணீர் விட்டுக் கண்டுபிடித்த வழி.

செஷன் எழுந்தது. லேபிள்கள் சரசரவென்று இரண்டு பக்கமும் போய் வந்தன. விபெக்கே தன் பக்கத்திலிருந்து தூபொரோன்காரர்களின் போக்குவரத்தைப் புது வழிக்குத் திருப்பிவிட்டாள். எல்லாம் பச்சை.

எல்லாம் பச்சையாக இருக்கும்போது கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. யூட்டே இல்லை. வேலை முடிந்தது. இவனும் நல்ல மனநிலையில் இருக்கிறான்.

“எஸ்பென், சனிக்கிழமை என்ன பண்ற?”

“ஏன், உன் ஷிப்ட என் தலையில கட்டப் போறியா?”

“இல்ல, சும்மா.”

“படகுக்குப் பெயின்ட் அடிக்கணும். ஏன்?”

“ஒண்ணும் இல்ல. எங்க அப்பா அம்மாவுக்குப் பொன்விழா.”

“அய்யோ பாவம்.”

“யாரு பாவம், அவங்களா?”

“நீதான். குடும்ப விருந்துன்னா எனக்கு வயித்தக் கலக்கும். எங்க அக்காவோட வெள்ளி விழாவுல பதினோரு பாட்டு. பதினோராவது பாட்டுல எல்லாரும் நாற்காலி மேல ஏறி நின்னு பாடணும்னு ஒருத்தர் சொன்னாரு. நானும் ஏறினேன்.”

“ஏறின?”

“நாற்காலி தாங்கல. மாப்பிள்ளையோட அம்மா மடியில போய் விழுந்தேன். அந்த அம்மா சாஸ் கிண்ணத்த அப்பத்தான் கையில எடுத்தாங்க.”

விபெக்கே வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். அவன் இன்னும் உற்சாகமாகி, சாஸ் யார் யார் மேல் கொட்டியது, அக்கா எத்தனை மாதம் பேசவில்லை என்று ஒவ்வொன்றாக விவரித்தான். அவன் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. போன டிசம்பரில், அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து, பனியில் அவளை வீட்டில் கொண்டுவிட்டபோதும் இப்படித்தான். நிறுவனத்து வண்டியின் எஞ்சினை அணைக்காமல், அவள் வீட்டு வாசலில், நேரம் போவது தெரியாமல் பேசினார்கள். எதிர்வீட்டுக்காரி இரண்டு முறை திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். மறுநாள் காலை அலுவலகத்தில் இரண்டு பேரும் “காலை வணக்கம்” என்றார்கள். அதோடு சரி. ஐந்து மாதமாகக் காலை வணக்கம்தான்.

“சரி, சனிக்கிழமை உன் பக்கத்துல யாரு உக்காருவா?” என்று அவனே கேட்டான்.

வாசல் தானாகத் திறந்தது. விபெக்கே மூச்சை இழுத்தாள்.

“அதைத்தான் உன்கிட்ட…”

திரை சிவந்தது.

ஒரு வரி சிவப்பு, அடுத்த வரி சிவப்பு, பிறகு சிவப்பு மழை. செஷன் விழுந்துவிட்டது. தூபொரோன் ரவுட்டரில் லேபிள் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஊர்க்காரர்களின் போக்குவரத்து மட்டும், விபெக்கே திருப்பிவிட்ட புது வழியில் சமர்த்தாகப் போய், பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“எஸ்பென், என்னத்தத் தொட்ட?”

“நான் எதையும் தொடலியே! சாஸ் கதைதான சொல்லிட்டு இருந்தேன்…” அவன் குரல் நடுவில் தேய்ந்தது. “அய்யய்யோ. உறுதி.”

“உறுதி சொல்லலியா நீ?”

“நீ ஞாபகப்படுத்தலியே!”

“நான் எங்க ஞாபகப்படுத்த? நீ மாப்பிள்ளையோட அம்மா மடியில உக்காந்திருந்த!”

பத்து நிமிடம் முடிந்திருந்தது. ரவுட்டர் தன் சொல்லைக் காப்பாற்றிவிட்டது.

விபெக்கே போக்குவரத்தைப் பழைய வழிக்குத் திருப்ப விசைப்பலகையில் கை வைத்தபோது அவளுடைய கைபேசி அலறியது. அம்மா. எடுக்காவிட்டால் அம்மா விடமாட்டாள். அடுத்தது அலுவலகத்துக்கு அடிப்பாள். கையை எடுக்க முடியாததால் ஒலிபெருக்கியை ஒரு விரலால் தட்டிவிட்டுக் கட்டளையை அடித்தாள்.

“விபெக்கே! என்னடி பண்ணித் தொலைச்ச? இங்க நெட்டு செத்துப் போச்சு!”

இங்கர் புதன்கிழமைதோறும் தூபொரோன் முதியோர் இல்லத்தில், எண் சொல்லச் சொல்லச் சீட்டில் அடித்துக்கொண்டு வரும் பாங்கோ ஆட்டத்துக்கு எண் சொல்லப் போவாள். எண் சொல்வது அங்கே. ஆடுவது திரை வழியாக மூன்று ஊர் இல்லங்களில்.

“சரி பண்ணிட்டு இருக்கேம்மா.”

“எழுபத்திரெண்டுன்னு சொல்ல வாயத் திறக்கிறேன், திரை கறுத்துப் போச்சு. இங்க ஒருத்தரு முழு வரிசைன்னு எழுந்து நின்னுட்டாரு. அந்தப் பக்கத்து ஊர்ல எவனுக்காவது அதே வரிசை வந்திருந்தா? பரிசு முழுப் பன்னித் தொடைடீ! இவரு அத மடியில வச்சுக்கிட்டு இறக்க மாட்டேங்கிறாரு!”

“ரெண்டு நிமிஷம் குடும்மா.”

“அவர்கிட்ட போய்ச் சொல்லு.” அம்மா மூச்சு வாங்கினாள். “சரி, கூப்பிட்டதுதான் கூப்பிட்டேன். இன்னிக்குப் புதன். நீ எங்க சொல்லப் போற? ஒண்ணுன்னே எழுதிக்கிறேன். வெர்னருக்கும் சந்தோஷம். புதுசா ஏதோ உரத் தொட்டி கட்டியிருக்காராம், உன்கிட்ட சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்காரு.”

“ரெண்டு.”

அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று விபெக்கேவுக்கே சந்தேகமாக இருந்தது. விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

“என்னது?”

“ரெண்டு நாற்காலிம்மா. வச்சிடு.”

“யாருடீ அது? பேர் அட்டையில என்ன எழுத?”

“பேர் அப்புறம் சொல்றேன்.”

“அப்புறம்னா? பேர் இருக்கா இல்லையா அந்த ஆளுக்கு? உயரமா குட்டையா? மேசை ஓரத்துல…”

“அம்மா, பன்னித் தொடையப் பாரு. வைக்கிறேன்.”

கைபேசியை அணைத்தாள். பிறகுதான் மேசை மேல் இருந்த இன்னொரு தொலைபேசி அவள் கண்ணில் பட்டது. அது இவ்வளவு நேரமும் திறந்தே இருந்தது.

“போக்குவரத்தத் திருப்பிட்டியா?” என்றான் எஸ்பென்.

“திருப்பிட்டேன். பழைய வழியில போகுது.”

“நல்லது. நான் மறுபடியும் ஏத்துறேன். படிக்கிறேன், கேளு.”

அவன் படித்தான். இடைமுகம். சரி. ஹலோ. சரி. விலாசத்தை அறிவிக்கும் வரி. சரி. எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அவன் பாடவில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், எப்போதும் மூக்கால் இழுக்கிற அந்த முணுமுணுப்பு இல்லை. அறிவிப்பு வாசிப்பவன் மாதிரி வாசித்தான். இத்தனை வருடத்தில் இவன் இப்படி வேலை செய்து அவள் கேட்டதேயில்லை.

“எஸ்பென்?”

“சொல்லு.”

“என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. கேக்கு நான் செஞ்சிட்டு வர்றேன். தப்பு என்னோடது.” பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டான்: “யாரு, நமக்குத் தெரிஞ்ச ஆளா?”

“எந்த ஆளு?”

“ரெண்டாவது நாற்காலி. காதுல விழுந்துச்சு. நான் ஒட்டுக் கேக்கல, உன் அம்மா குரலுக்குத் தொலைபேசியே தேவையில்ல.” அவன் அடுத்த வரியைத் தட்டினான். “குடுத்து வச்ச ஆளு. நல்லா நடக்கட்டும். நான் பாட்டுக்கு, விருந்துன்னா வயித்தக் கலக்கும்னு கிண்டல் பண்ணிட்டே இருந்துட்டேன். மனசுல வச்சுக்காத.”

விபெக்கே நாற்காலியில் நிமிர்ந்தாள். இவனுக்கு வருத்தம். படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிற, பாட்டென்றால் ஓடுகிற இந்த ஒட்டடைக்கம்பு மனிதனுக்கு, அவள் பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ உட்காரப் போகிறார்கள் என்று வருத்தம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதே சமயம், திரையில் செஷன் எழுந்து நின்றது. பச்சை.

“செஷன் வந்துடுச்சு,” என்றான் அவன், அதே அறிவிப்புக் குரலில்.

“எஸ்பென், முதல்ல உறுதி சொல்லு.”

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”

“இருக்கட்டும். இப்பவே சொல்லு. இனிமே நான் பேசப் போறதுக்கு நடுவுல எதுவும் விழக் கூடாது.”

விசை தட்டும் சத்தம் கேட்டது. “சொல்லிட்டேன். ஏத்தியாச்சு.”

அவள் திரையில் சரிபார்த்தாள். தவணை போய்விட்டது, அந்த மாற்றம் இனி அவர்களாக எடுத்தாலொழிய போகாது. ஊர்க்காரர்களைப் புது வழிக்குத் திருப்பினாள். சிவப்பு எதுவும் வரவில்லை. யூட்டே காபிக் கோப்பையோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். “என்ன, தூபொரோன்ல இருந்து மூணு பேரு போன் அடிச்சுத் திட்டுறாங்க? யாரு கேக்கு?” என்றாள்.

விபெக்கே கையை உயர்த்தினாள். சும்மா இரு என்றா, நான்தான் என்றா என்று யூட்டேவுக்கு விளங்கவில்லை. கோப்பையோடு அங்கேயே நின்றுவிட்டாள். நிற்கட்டும். இவள் வெளியே போகும்வரை காத்திருந்தால் அடுத்த ஈஸ்டர் வந்துவிடும்.

விபெக்கே தொலைபேசியைக் கையில் எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“எஸ்பென், அந்த ரெண்டாவது ஆளுகிட்ட நான் இன்னும் கேக்கவே இல்ல. அம்மாகிட்ட முதல்ல சொல்லிட்டேன், அவ்வளவுதான்.”

“கேக்காமலே எப்படி…”

“நடுவுல பேசாத, விட்டா மறுபடியும் சாஸ் கதைக்குப் போயிருவ. டிசம்பர்ல இருந்து கேக்கணும்னு இருக்கேன். பாட்டு இருக்கும். நிறைய இருக்கும். உன்னப் பத்தியும் ஒரு சரணம் கட்டிருவாங்க. எங்க அம்மா உன் உயரத்த அளந்து பாப்பாங்க. எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறேன். சனிக்கிழமை என்கூட வர்றியா? என் பக்கத்துல வந்து உக்காரு, எஸ்பென்.”